லயமும் தாமானும்

'லயம்' என்னும் சொல்லைத் தமிழகத்துப் புலவர் ஒருவரிடம் கூறினால் அவர் இசையையும் தாளத்தையும் எண்ணுவார். மலேசியத் தோட்டத்தில் பிறந்த தமிழரிடம் அதே சொல்லைக் கூறினால், பலகைச் சுவரும், தகரக் கூரையும், ஒரே வரிசையில் பத்து இருபது கதவுகளும், பொதுக் குழாயடியும் அவர் கண்முன் வந்து நிற்கும். ஆங்கிலேயர் 'லைன்' என்றனர்; வரிசை என்பதே அதன் பொருள். இந்தியாவில் படைவீரருக்கும் கூலியாட்களுக்கும் கட்டப்பட்ட வரிசைக் கொட்டகைகளுக்கு வழங்கிய பெயர் அது. தமிழர் நாவில் அது லயமாகியது. குதிரை கட்டும் இடத்திற்கு 'லாயம்' என்ற பெயரும் நம் மொழியில் வழங்கி வந்தது. இவ்விரு சொற்களும் ஒலியில் நெருங்கி நிற்பது தற்செயலே ஆயினும், தொடக்க கால லயங்களில் வாழ்ந்தோர் அதனைத் தற்செயல் என்று கொண்டிருப்பார்களா என்பது ஐயமே.

வேலை நடக்கும் இடத்திற்கு அருகிலேயே தொழிலாளருக்குக் குறைந்த செலவில், நெருக்கமான குடியிருப்புகளை அமைத்தால், அன்றாடப் பயணத்தில் வீணாகும் நேரமும் பணமும் மிஞ்சும் என்று நகரமைப்பு அறிஞர்கள் இன்று வற்புறுத்துகின்றனர். கெடாத் தமிழருக்கு இது புதிய கருத்தன்று. அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக் காலம் அவ்வாறுதான் வாழ்ந்தனர். அந்த வாழ்வு அவர்களுக்கு எதனைக் கொடுத்தது, எதனை மறுத்தது, பின்னர் எவ்வாறு கைவிட்டுப் போயிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறாகும்.

கெடா என்றதும் தமிழாசிரியர் பலருக்குக் கடாரம் நினைவுக்கு வரும். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை வந்ததும், பூஜாங் பள்ளத்தாக்கின் பழஞ்சின்னங்களும் நினைவுக்கு வரும். அப்பெருமை ஒருபுறம் இருக்கட்டும். லயத்தில் குடியேறிய தமிழர் கடாரம் கொண்டவரின் வழித்தோன்றலாக வரவில்லை. கங்காணியின் பின்னால் வந்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து கெடாவின் தெற்கு வட்டாரங்களுக்குச் சென்றார்கள். 1909ஆம் ஆண்டில் சயாமின் மேலாதிக்கத்திலிருந்து கெடா பிரிட்டிஷாரின் செல்வாக்கின் கீழ் வந்தது. அதனையடுத்த ஆண்டுகளில் ரப்பர் விலை உயர, கோல மூடா, கூலிம், பண்டார் பாரு, பாலிங் ஆகிய வட்டாரங்களின் காடுகள் தோட்டங்களாயின. வடக்கே அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த சமவெளி நெல்வயலாகவே நின்றது. 1915இல் இருப்புப் பாதை சுங்கை பட்டாணி வழியாக அலோர் ஸ்டார் வரை சென்றதும், தெற்குக் கெடாவின் ரப்பர் துறைமுகத்தை எளிதாக அடைந்தது.

தோட்ட முதலாளிகள் தொழிலாளரைத் தோட்டத்திற்குள்ளேயே குடிவைத்தது இரக்கத்தினால் அன்று. ரப்பர் மரத்தின் இயல்பே அதற்கு முதற்காரணம். இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீர் மரத்தில் தேங்கி நிற்கும் வைகறைப் பொழுதில்தான் பட்டைக்குள் இருக்கும் பால் நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது கத்தி பட்டால் பால் தாராளமாக வடியும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அழுத்தம் தணியும், பாலும் குறையும். ஆகவே முந்நூறு முதல் ஐந்நூறு மரங்கள் வரை வெட்ட வேண்டிய தொழிலாளி விடியும் முன்பே பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பெயர் கொடுத்ததும் நிரைக்குச் சென்றுவிட வேண்டும். ('பரேட்' என்ற படைத்துறைச் சொல்லே பிரட்டு ஆயிற்று என்பர், லைனும் பரேட்டும் சேர்ந்தால் தோட்டம் எந்த ஒழுங்கைப் பார்த்து அமைக்கப்பட்டது என்பது விளங்கும்.) சாலையோ பேருந்தோ இல்லாத காலத்தில், விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து ஐந்தரை மணிக்கு வேலைக்களத்தில் நிற்கக் கூடியவர், அவ்விடத்திலேயே படுத்து உறங்கியவராகத்தான் இருக்க முடியும்.

பெரிய தோட்டங்களில் ஒரே லயத்தொகுதி போதவில்லை. நிலம் பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, பிரிவுதோறும் தனி லயங்கள் எழுந்தன. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டமும் காராங்கானை அடுத்த டப்ளின் தோட்டமும் அவ்வகையானவை. ஒரு பிரிவுக்காரர் மற்றொரு பிரிவிற்குப் பெண் கொடுத்தால், 'வெளியூர்ச் சம்பந்தம்' என்று சொல்லும் அளவிற்கு அப்பிரிவுகள் தனித்தனி ஊர்களாக வளர்ந்தன.

தொடக்கக் கால லயத்தை ஊர் என்று சொல்வதற்கில்லை. பத்தடி, பன்னிரண்டடி அளவுள்ள அறை ஒன்றே வீடு. சில லயங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றமையால் காற்றுக்கு வழியில்லை. மணமாகாதவர் மூவர் நால்வர் ஓர் அறையில் அடைந்தனர். குடும்பத்தோடு வந்தவர்க்கும் அதே அறைதான். காடழித்த புதுநிலத்தில் மலேரியாக் காய்ச்சல் தலைவிரித்தாடிற்று. டாக்டர் மால்கம் வாட்சன் போன்றோர் நீர்வடிகால் அமைத்தும் எண்ணெய் தெளித்தும் கொசுவை அடக்கும் வழிகளைக் காட்டிய பின்னரே, குடியிருப்பு எங்கே, எப்படி அமைய வேண்டும் என்பது ஆட்சியாளரின் கவலையாயிற்று. சாவு மலிந்தால் கூலி கிடைக்காது. இந்திய அரசும் கேள்வி கேட்கும். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றோடு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளியும் வேண்டும் என்றது. கெடா அக்கூட்டில் சேராத மாநிலமாயினும் அங்கும் அதையொட்டிய விதிகளே நடைமுறைக்கு வந்தன. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளுள் மிகப் பலவற்றின் பிறப்பு இந்த லயத்துச் சட்டத்தோடு பின்னிப் பிணைந்தது என்பதைத் தமிழாசிரியர் மறத்தல் இயலாது. பள்ளி முதலில் வந்து பிள்ளைகள் பின்னர் வந்தார்கள் அல்லர். கூலிக்காகக் கட்டிய கூரையின் கீழ்ப் பிள்ளைகள் பிறந்ததால் பள்ளி வந்தது.

நாளடைவில் லயம் ஊராயிற்று. ஒரு கூப்பிடு தொலைவில் மாரியம்மன் கோயில், மருந்துக் கொட்டகை, ஆயாக்கொட்டகை, மளிகைக் கடை, பந்து விளையாடும் திடல், கள்ளுக்கடை எல்லாம் அமைந்தன. தாய் பால்வெட்டிவிட்டு வரும் வரை குழந்தையை ஆயா பார்த்துக்கொண்டாள். பால் நிறுத்து முடிந்த பின் தாய் வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். மாலையில் ஆடு மேய்க்கவும் காய்கறி பயிரிடவும் பொழுதிருந்தது. பயணத்திற்கென்று ஒரு காசும் செலவில்லை. இன்றைய நகரமைப்பாளர் ஏட்டில் எழுதும் நன்மைகள் பெரும்பாலும் அங்கே இருந்தன என்பது மறுக்க முடியாத உண்மை. நெருக்கமும் தன் பங்கிற்கு ஒன்றைச் செய்தது. ஒருவர் வீட்டுச் சாவு எல்லார் வீட்டுச் சாவாயிற்று. ஒருவர் வீட்டுச் சண்டையும் அப்படியே. பலகைச் சுவருக்கு அப்பால் இரகசியம் என்பது இல்லை.

அந்த நெருக்கம் முதலாளிக்கு வசதியாக இருந்தது போலவே சில வேளைகளில் அச்சமும் ஊட்டியது. போர் முடிந்த பிறகு ஹார்வர்ட் தோட்டத்தில் தோன்றி, கெடாவின் தோட்டங்களில் பரவிய தொண்டர் படை, கள் குடியை எதிர்த்தது. இளைஞர்களை அணிவகுக்கச் செய்தது. லயத்திலிருந்து லயத்திற்குச் செய்தி ஓர் இரவில் சென்றுவிடும் நிலையில் அதற்கு அலுவலகமும் அச்சகமும் வேண்டியிருக்கவில்லை. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீடோங்கில் காவல்துறையோடு மோதல் மூண்டது. டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது. இயக்கம் ஒடுக்கப்பட்டது. ஆயினும், ஒன்றாகக் குடியிருப்போர் ஒன்றாக எண்ணவும் கூடும் என்பதை அரசும் தோட்ட நிருவாகமும் அறிந்துகொண்டன.

அடுத்த ஆண்டே அவசரகாலம் பிறந்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டம் காட்டோரத்துச் சீனக் குடியானவர்களைப் புதுக்கிராமங்களில் குவித்த செய்தி யாவரும் அறிந்தது. தோட்டத்து லயங்களும் அவ்வாறே மறுகுவிப்புச் செய்யப்பட்டன என்பதைப் பலர் அறியார். சிதறிக் கிடந்த பிரிவு லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு, சுற்றிலும் முள்வேலி இடப்பட்டது. வேலைக்காட்டிற்கு உணவு எடுத்துச் செல்லத் தடை வந்தது. மரத்தின் அருகிலேயே வீடு என்ற பழைய ஏற்பாடு, காவலின் அருகிலேயே வீடு என்று மாறியது. வேலைக்குச் செல்லும் தொலைவு சிலருக்குக் கூடியது.

இவை அனைத்தினும் ஆழமான குறை ஒன்று லயத்தின் அடித்தளத்திலேயே இருந்தது. வீடு தொழிலாளிக்கு உரியதன்று, வேலைக்கு உரியது. வேலை போனால் அன்றே வீடும் போகும். 1930ஆம் ஆண்டுகளின் மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாகவும், பெண்ணுக்கு 40 காசாக இருந்தது 32 காசாகவும் குறைக்கப்பட்டன. அக்கூலியும் கிட்டாத இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பிறந்து வளர்ந்த வீட்டை விட்டுப் போகிறோம் என்று எதிர்வாதம் செய்ய அவர்களுக்கு இடமில்லை. வீடு இலவசம் என்பதைக் காட்டியே கூலியைத் தாழ்த்தி வைத்தார்கள். கூலி தாழ்ந்திருந்ததால் வெளியே நிலம் வாங்க இயலவில்லை. நிலம் இல்லாததால் லயத்தை விட முடியவில்லை.

இங்கிலாந்திலும் முதலாளிகள் ஆலையை ஒட்டித் தொழிலாளர் ஊர்களை அமைத்ததுண்டு. சோப்பு வணிகர் லீவர் 1888இல் தொடங்கிய போர்ட் சன்லைட் ஒன்று. சாக்லேட் வணிகர் கேட்பரி அமைத்த போர்ன்வில் மற்றொன்று. இவற்றுள் போர்ன்வில்லின் கதை கெடாத் தமிழர் கவனிக்க வேண்டியது. ஜார்ஜ் கேட்பரி 1900ஆம் ஆண்டில் அவ்வூரின் வீடுகளைத் தம் நிறுவனத்திடமிருந்து பிரித்து, தனி அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்தார். ஆலையில் வேலை செய்யாதவரும் அங்கே குடியிருக்கலாம். ஆலையை விட்டு நீங்கியவருக்கு வீடு போகாது. ஆலைக்கு அருகில் வீடு இருக்கலாம், ஆனால் ஆலை முதலாளியின் கையில் வீடு இருக்க வேண்டியதில்லை என்பதை ஒரு முதலாளியே ஒப்புக்கொண்ட ஆண்டு அது. கெடாவின் தோட்டங்களுக்கு அந்தப் பெருமனம் எட்டவில்லை.

அதன் விளைவு 1950ஆம் ஆண்டுகளில் தெளிவாகத் தெரிந்தது. விடுதலை நெருங்கியதும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக மறுவிற்பனை செய்தனர். தோட்டத் துண்டாடல் எனப் பெயர் பெற்ற இக்கொடுமையைப் பற்றி உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்தார். பத்து ஏக்கர் வாங்கிய சிறு முதலாளிக்கு லயம் எதற்கு? மருந்துக் கொட்டகை எதற்கு? கோயிலும் பள்ளியும் யாருடைய பொறுப்பு? கூரை இருந்த இடத்தில் மரம் இருந்தது, மனிதர் இல்லை.

அந்நாளில் துன் வீ. தி. சம்பந்தன் எடுத்த முயற்சியை எவ்வளவு பாராட்டினும் தகும். 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளி மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைப் பெறலாம். பால்வெட்டி ஈட்டிய பத்து வெள்ளியைக் கொண்டு தோட்டம் வாங்குவதா என்று நகைத்தவர் உண்டு. 1961இல் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். அங்கே வெட்டுபவர் வேலையையும் இழக்கவில்லை, லயத்தையும் இழக்கவில்லை. எனினும் இம்முயற்சி நிலத்தைக் காத்ததே அன்றி, தனி வீட்டு உரிமையைத் தரவில்லை. வீடு சங்கத்தின் சொத்தாக நின்றது. அன்றைய அவசரத்தில் தோட்டத்தைக் காப்பதே முதற்கடமையாக இருந்திருக்கலாம். ஆயினும் வீட்டுமனையை அப்போதே பிரித்துக் கொடுத்திருந்தால் பின்னாளின் துயரம் பாதியாகக் குறைந்திருக்கும்.

1966ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரம் பற்றிய சட்டம் நிறைவேறிற்று. நீண்ட வரிசைகளுக்கு மாற்றாக இரட்டை வீடுகள் எழலாயின. தனிச் சமையலறை, கழிப்பிடம், குழாய்நீர், பின்னர் மின்விளக்கு என வசதிகள் மெல்ல வந்தன. 1990இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. இரு சட்டங்களும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லின. வேலை முடிந்த முதியவர் எங்கே போவார் என்பதைச் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவர், மகனோ மகளோ தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் தம் பழைய கூரையின் கீழ்த் தங்க முடிந்தது. பிள்ளையைப் படிக்க வைக்காமல் பிரட்டுக்கு அனுப்பிய பெற்றோர் சிலரின் அறியாமையை நாம் குறைகூறுவதுண்டு. அறியாமை மட்டுமா காரணம்? வீட்டைக் காப்பதற்கு ஒரு பெயர் செக்ரோலில் இருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே வேலை இடம் மாறியது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் உருவாயிற்று. பிறையிலும் தொழிற்சாலைகள் பெருகின. மின்னணுப் பொருள்களை இணைக்கும் அவ்வாலைகளுக்கு இளம்பெண்கள் தேவைப்பட்டனர். கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி வட்டாரங்களின் தோட்டச் சாலைகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நின்றன. தாய் நிரைக்குப் புறப்படும் அதே இருளில் மகள் பேருந்து நிற்குமிடத்திற்குப் புறப்பட்டாள். தாய்க்குப் பத்து நிமிட நடை. மகளுக்கோ, சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் வரை ஏறக்குறைய 35 கிலோமீட்டர், தீவிற்குச் செல்வதாயின் அதற்கு மேலும் கடல் தாண்ட வேண்டும். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை படகுத்துறைக் காத்திருப்பும் சேர்ந்துகொண்டது. வழிநெடுக நின்று நின்று ஆள் ஏற்றும் பேருந்தில் ஒரு வழிக்கு ஒன்றரை மணி எனக் கொண்டாலும், ஆறு நாள் வாரத்தில் பதினெட்டு மணி நேரம் சாலையிலேயே கழியும்; எட்டு மணி நேர வேலைநாள் இரண்டிற்கும் மேல் அது. அந்நேரத்திற்குச் சம்பளம் இல்லை.

இந்தக் காலத்தில் ஒரு விந்தையும் நடந்தது. மகள் தொழிற்சாலையில் உழைத்தாள். தங்கியது தோட்டத்து லயத்தில். தந்தையின் பால்வெட்டுக்காகக் கொடுக்கப்பட்ட கூரையின் கீழ், தொழிற்சாலை தன் தொழிலாளியைச் செலவின்றிக் குடிவைத்துக்கொண்டது. வாடகை கொடுக்க வேண்டிய நிலை இருந்திருந்தால் அந்தச் சம்பளத்தில் அவள் வந்திருக்க மாட்டாள். தொழிற்சாலைகளின் வளர்ச்சியைப் புகழ்ந்து எழுதுவோர் லயத்தின் இப்பங்கைக் குறிப்பிடுவதே இல்லை.

பின்னர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு ரப்பரைப் போல் அத்தனை ஆட்கள் வேண்டியதில்லை. நகரை ஒட்டிய தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. ஹார்வர்ட் தோட்டத்தின் ஒரு பகுதி கோல்ஃப் திடலாகவே ஆயிற்று. சுங்கை பட்டாணி நாற்புறமும் விரிந்தது. வீடமைப்பாளர் கட்டும் வீடுகளில் 30 விழுக்காடு மலிவு விலையில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 1980களின் தொடக்கத்தில் அவ்வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என வரையறுக்கப்பட்டது. 1998இல் இடத்திற்கேற்ப அது 42,000 வெள்ளி வரை உயர்ந்தது. விலையளவில் நல்ல திட்டமே. ஆனால் நாட்கூலிக்காரருக்குக் கடன் கொடுக்க வங்கி தயங்கிற்று. வீடுகளும் நிலம் மலிவாகக் கிடைத்த ஓரத்தில் எழுந்தன. தொழிற்சாலை ஒரு திசை, தாமான் ஒரு திசை. ஒற்றை மாடி வரிசை வீடுகள் பரந்து கிடக்கும் இடத்தில் அடிக்கடி பேருந்து ஓட்டினால் கட்டுப்படியாகாது. ஆகவே வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள், பிறகு ஆளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். வீட்டுத் தவணை ஒன்று, வண்டித் தவணை ஒன்று.

இதே காலத்தில் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளின் அருகிலேயே சிறு தொழிற்சாலைகளுக்கும் இடம் ஒதுக்கிற்று. மணமான பெண்கள் நடந்து சென்று வேலை செய்தனர். அந்நாட்டின் நிலநெருக்கடி வேறு, கெடாவின் நிலவளம் வேறு என்று சொல்லலாம். நிலம் மிகுதியாக இருந்ததே கெடாவின் தொலைவுகளுக்குக் காரணம் என்றும் சொல்லலாம்.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆலைகளோடு வீடுகளுக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தொடக்கத்திலேயே இடம் வகுத்த திட்டம் அது. தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரத்தில், வேலையும் வீடும் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. அங்கே வேலைக்குக் கல்வித் தகுதி வேண்டும். வீட்டுக்கு வங்கிக் கடன் வேண்டும். லயத்திலிருந்து படித்து வெளியேறிய பிள்ளைகள் சிலர் அங்கே பொறியாளராகவும் தொழில்நுட்பராகவும் குடியேறினர். படிக்காதவர் அவ்வேலிக்கு வெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் காவல் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வருகின்றனர். 2015இல் சுங்கை பட்டாணி வழியாகப் பயணிகள் மின்ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ரப்பரை ஏற்றிச் சென்ற தடம் இப்போது வேலைக்குச் செல்வோரை ஏற்றிச் செல்கிறது. நிலையம் வரை வரவும் வண்டி வேண்டும்.

லயம் மறைந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர் இன்று செம்பனைத் தோட்டத்து வீடுகளிலும், தொழிற்சாலைகளை ஒட்டிய விடுதிகளிலும் நெருக்கமாகத் தங்கியிருக்கின்றனர். 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டம் அல்லாத பிற தொழில்களின் விடுதிகளுக்கும் பொருந்துமாறு விரிவாக்கப்பட்டது. வேலை முடிந்தால் அவர்களும் அறையைக் காலி செய்ய வேண்டும். நாட்டையும் காலி செய்ய வேண்டும்.

கெடாவின் தமிழ்ப்பள்ளிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் ஹார்வர்ட் தோட்டம் மூன்றாம் பிரிவு, டப்ளின் தோட்டம் ஏழாம் பிரிவு, ஸ்கார்பரோ தோட்டம், விக்டோரியா தோட்டம் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. அப்பெயர்களைத் தாங்கிய பிரிவுகளில் லயங்கள் குறைந்துவிட்டன. சில பள்ளிகள் தோட்டத்துப் பெயரோடு நகர்ப்புறத்திற்குப் பெயர்ந்தன. சில பழைய இடத்திலேயே செம்பனைகளுக்கு நடுவே நிற்கின்றன. லயத்தில் கேட்கும்படி மணியடித்துப் பிள்ளைகளை அழைத்த பள்ளிகளுக்கு இப்போது பிள்ளைகள் தாமான்களிலிருந்து வேனில் வருகின்றனர். வேன் கட்டணத்தைப் பெற்றோர் மாதந்தோறும் செலுத்துகின்றனர். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உள்ள வீடுகளில் அது வீட்டுத் தவணைக்கு அடுத்த செலவாக நிற்கிறது.